கீசகனும் இராசகுருவும்: புனே நகர அரங்கிலும் திரையிலும் எதிர்த்தலைவன்

முன்னுரை

மீத்திறன் வாய்ந்த தலைவனைக் கொண்ட கதைகளில் அவனை எதிர்ப்பவன் எவ்வாறு அமைய வேண்டும் என்னும் வினா இக்காலத் திரைப்படத் திறனாய்வில் மிகுதியாகப் பேசப்பெறுகிறது. பறக்கும் ஆற்றலும் மலையைப் பெயர்க்கும் வலிமையும் உடைய நாயகர்களைப் பற்றிய படங்கள் பெருகிய பின்னர் எழுந்த வினாவாக இது தோன்றினும் இதன் வேர் பழையது. பத்தாயிரம் யானை வலிமை உடையவன் எனப் பாரதம் போற்றும் வீமனுக்கு எதிரே நிற்கத் தக்கவன் யார் என்று முன்னைப் புலவரும் எண்ணியிருக்கின்றனர். மராட்டிய மாநிலத்துப் புனே நகரம் 1907 முதல் 1936 வரையிலான முப்பதாண்டுக் காலத்தில் இவ்வினாவுக்கு மேடையிலும் திரையிலும் பல விடைகளைக் கண்டது. அவற்றுள் ஒன்று அரசின் தடைக்கு உள்ளாயிற்று. மற்றொன்று தமிழகத்தின் முதல் கதைப்படத்தோடு தொடர்புடையது. எதிர்த்தலைவன் எங்கே உயிர் பெறுகிறான், எங்கே வெறும் வேடமாக நின்றுவிடுகிறான் என்பதை இவற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் இலக்கணமும்

இன்று தமிழர் நாவில் வழங்கும் ‘வில்லன்’ என்னும் சொல் ஆங்கிலவழி வந்தது. பண்ணைநிலத்தில் வாழும் எளிய குடியானவனைக் குறித்த இலத்தீன் சொல்லே அதன் மூலம். உயர்குடியினர் தாழ்ந்தோரை இழிவாக நோக்கிய பார்வை, காலப்போக்கில் அச்சொல்லைத் தீயோனைக் குறிப்பதாக மாற்றியது. தமிழில் அதனை வில் + அன் எனப் பிரித்தால் வில்லேந்தியவன் என்று பொருள்பட்டு இராமனையே குறிக்கும் விந்தை நேர்கிறது. இக்கட்டுரையில் ‘எதிர்த்தலைவன்’ என்னும் சொல்லே ஆளப்பெறுகிறது. தலைவனுக்கு நிகரான தகுதியும் அவனோடு மாறுபட்ட நெறியும் உடையவன் என்னும் இரு பொருளையும் அச்சொல் தாங்கும்.

வடமொழி அணிநூலாசிரியர் தண்டி, காவியாதரிசத்தின் முதற் பகுதியில் பெருங்காப்பியத்தின் இலக்கணம் கூறுமிடத்தில் இதனைத் தொட்டுச் செல்கிறார். தலைவனின் குணங்களை முதலில் நிறுவி, பின் அவன் பகைவரை வெல்வதாகக் கூறுவது ஒரு முறை. பகைவனுடைய குலம், வீரம், கல்வி முதலியவற்றையும் விரித்துரைத்து, அத்தகையவனை வென்றதனால் தலைவனின் உயர்வைப் புலப்படுத்துவது மற்றொரு முறை. இந்த இரண்டாம் முறையும் தமக்கு உவப்பளிப்பதாகத் தண்டி கூறுகிறார். கம்பனின் இராவணன் இம்முறையின் உச்சம் எனலாம். அவன் இசை வல்லவன், வேதம் கற்றவன், கயிலையைப் பெயர்த்தவன். அவனுடைய வீழ்ச்சியில் இரக்கமும் கலப்பதற்கு அவன் பெருமை முன்னரே நிறுவப்பட்டதுதான் காரணம்.

ஆயினும் பெருமை மட்டும் போதாது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வெகுளி பிறக்கும் களன்களாக உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என நான்கைக் கூறுகிறது. இவற்றுள் குடிகோள் என்பதற்கு மனைவி, சுற்றம், குடிப்பிறப்பு முதலியவற்றுக்குக் கேடு சூழ்தல் என உரைகாரர் விளக்கம் தருவர். அச்சம் பிறக்கும் களன்களோ அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. இந்த இரு பட்டியல்களும் எதிர்த்தலைவன் பற்றிய ஆய்வுக்கு மிகவும் பயன்படுவன. அவன் அவையோரிடத்தில் வெகுளியை எழுப்புகிறானா, அச்சத்தை எழுப்புகிறானா என்பதைப் பொறுத்து அவனுடைய அமைப்பே வேறுபடுகிறது. இந்த வேறுபாட்டைப் புனேயின் இரு படைப்புகள் தெளிவாகக் காட்டுகின்றன. கீசகன் வெகுளிக்கு உரியவன். ‘அமிர்த மந்தன்’ படத்து இராசகுரு அச்சத்துக்கு உரியவன்.

பாரதத்துக் கீசகன்

விராட பருவத்துக் கீசகன் கதை தமிழர் நன்கறிந்தது. வில்லிபுத்தூரார் அதனைத் தனிச் சருக்கமாகவே பாடியுள்ளார். விராடனின் படைத்தலைவனும் அரசி சுதேட்டிணையின் உடன்பிறந்தானுமாகிய கீசகன், சைரந்திரியாகக் கரந்துறையும் திரௌபதியை விரும்பித் துன்புறுத்துகிறான். அரசவையில், கங்கன் என்னும் பெயரில் அமர்ந்திருக்கும் தருமன் முன்னிலையிலேயே அவளை உதைக்கிறான். மடைத்தொழிலாளனாக இருக்கும் வீமன் இரவில் ஆடலரங்கத்தில் அவனைக் கொன்று ஊன்திரளாக்குகிறான்.

இக்கதையில் நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. கீசகன் தீயவன், ஆனால் அவன் தோள்வலிமையால்தான் விராட நாடு நிலைத்து நிற்கிறது. அவனால் பன்முறை தோற்ற திரிகர்த்தவேந்தன் சுசர்மன், அவன் இறந்தான் என்றறிந்த பின்னரே நிரைகவரத் துணிகிறான். விராடன் அவையில் நேர்ந்த கொடுமையைக் கண்டும் வாளாவிருந்ததன் காரணம் இதனால் விளங்கும். தன் காவலனையே அரசன் எவ்வாறு ஒறுப்பான்? தீமை இங்கே அரசின் தேவையோடு பிணைந்து நிற்கிறது. தருமனுக்கும் தடை உண்டு. கரந்துறை வாழ்வு வெளிப்பட்டால் மீண்டும் பன்னிரண்டாண்டுக் காடு. ஆகவே கீசகனின் கொடுமை ஒருத்தியின் துயரமாகத் தொடங்கி, அவையில் உள்ளோர் அனைவரின் கையறுநிலையையும் வெளிப்படுத்துவதாக வளர்கிறது.

கலைஞர்கள் கீசகனை மீண்டும் மீண்டும் நாடியதற்கு இதுவே காரணம் எனத் தோன்றுகிறது. இரயிம்மன் தம்பியின் ‘கீசகவதம்’ கதகளியில் அவன் கத்தி வேடம் பூணுகிறான். முகத்தின் பச்சை நிறம் உயர்குடிப் பெருமையையும் அதன்மேல் தீட்டப்பெறும் கத்தி வடிவச் செந்நிறக் கோலம் செருக்கையும் உணர்த்துவன. தண்டி கூறிய இரண்டாம் முறையை ஒப்பனைக் கலைஞர் வண்ணத்தால் எழுதியது போன்றது இது. இரவிவர்மா 1890ஆம் ஆண்டில் கீசகனையும் சைரந்திரியையும் ஓவியமாக்கினார். பின்னாளில் அவர்தம் அச்சகம் இடம்பெயர்ந்து சென்ற மளவலி என்னும் ஊர் புனே மாவட்டத்தில், உலோணாவளாவுக்கு அருகில் உள்ளது. இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப்பெறும் தாதாசாகிப் பால்கே தொடக்கக் காலத்தில் அவ்வச்சகத்தில் பணியாற்றியவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

1907: கர்சனாகிய கீசகன்

கிருட்டிணாஜி பிரபாகர் காடில்கர் (1872-1948) புனேயில் திலகர் நடத்திய ‘கேசரி’ இதழில் பணியாற்றியவர். மராத்தி நாடக வரலாற்றில் தனியிடம் பெற்றவர். ஷேக்சுபியரை ஆழ்ந்து கற்றவர் என்பதற்கு அவருடைய முதல் நாடகமான ‘சவாய் மாதவராவின் மரணம்’ சான்றாகும். ஆம்லெட், ஒத்தெல்லோ ஆகிய நாடகங்களின் சாயல் அதில் உண்டு. காரணமின்றிக் கேடு சூழும் இயாகோவைப் பயின்ற ஒருவர், 1907இல் ‘கீசகவத்’ என்னும் நாடகத்தை எழுதியபோது அந்த வகை எதிர்த்தலைவனைக் கைவிட்டார். காரணம் தெளிவான, ஆட்சி அதிகாரத்தில் ஊறிய கொடியோன் ஒருவனை அவர் பாரதத்திலிருந்து எடுத்துக்கொண்டார்.

1899 முதல் 1905 வரை இந்தியாவின் அரசப் பிரதிநிதியாக இருந்தவர் கர்சன். 1905இல் வங்கப் பிரிவினை நிகழ்ந்தது. காங்கிரசு மிதவாதிகள், தீவிரவாதிகள் எனப் பிளவுபட்டு 1907 இறுதியில் சூரத்தில் உடைந்தது. இச்சூழலில் மேடையேறிய நாடகத்தில் கர்சனின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் கீசகன் கர்சன் என்பதும், திரௌபதி இந்திய நாடு என்பதும், பொறுமை பேசும் தருமன் மிதவாதி என்பதும், பொங்கும் வீமன் தீவிரவாதி என்பதும் அரங்கில் இருந்த அனைவருக்கும் விளங்கின. 1910ஆம் ஆண்டில் பம்பாய் அரசு இந்நாடகத்தைத் தடைசெய்தது.

ஒரு படைப்பின் ஆற்றலுக்கு அதன் எதிரிகள் தரும் சான்று நம்பத்தக்கது. வாலண்டைன் சிரோல் 1910இல் வெளியிட்ட ‘இந்தியக் கொந்தளிப்பு’ என்னும் நூலில் இந்நாடகம் பற்றிய விரிவான குறிப்பு உள்ளது. இந்திய விடுதலை இயக்கத்தின்பால் சிறிதும் பரிவில்லாத நூல் அது. கீசகனின் அடாச்செயல்களைக் காணும் ஆடவரின் முகம் கடுத்து இறுகியதையும், திரௌபதியின் வேண்டுகோளைக் கேட்ட மகளிரின் கண்கள் நீர் மல்கியதையும், தருமனின் தளர்ச்சியை அவையோர் இகழ்ந்ததையும், கீசகன் மாண்டபோது அரங்கு முழுவதும் நிறைவின் முணுமுணுப்பு எழுந்ததையும் அக்குறிப்பு பதிவுசெய்கிறது. மெய்ப்பாடு பற்றிய இலக்கண நூலார் வேண்டும் எல்லாம் இதில் உள்ளன. நாடகத்தைத் தடைசெய்ய வேண்டும் எனக் கருதியவர்களே அதன் சுவைநலத்துக்குச் சிறந்த உரை எழுதிவிட்டனர்.

காடில்கரின் கீசகன் வெற்றி பெற்றமைக்குக் குறிப்புப்பொருள் மட்டுமே காரணம் என்று கொள்வது பொருந்தாது. கர்சனைத் தாக்கிய எழுத்துகள் அக்காலத்தில் பல. கீசகன் கதையின் உள்ளமைப்பே குடியேற்ற ஆட்சியின் உள்ளமைப்போடு ஒத்திருந்தது என்பதே முதன்மையான காரணம். வலியவன் ஒருவன் நாட்டைக் காப்பதாகக் கூறிக்கொண்டு நாட்டையே இழிவுசெய்கிறான். காப்பவன் என்பதால் அவனை எதிர்க்க அவை அஞ்சுகிறது. அறமுடையோர் காலக்கெடுவை எண்ணிப் பொறுத்திருக்கின்றனர். கீசகனை ஆங்கிலேயனாக்குவதற்கு அவர் கதையில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. மேலும் வீமனின் வெற்றி முன்கூட்டியே அறிந்த ஒன்று. வினா, வீமன் வெல்வானா என்பதன்று. தருமன் எப்போது தலையசைப்பான் என்பதே. எதிர்த்தலைவனின் கொடுமை, தலைவர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை வெளிக்கொணரும் கருவியாகிவிட்டது. மேலைநாட்டு மீத்திறன் படங்களில் ‘தி டார்க் நைட்’ (2008) படத்துச் சோக்கர் செய்யும் வேலையும் ஏறத்தாழ இதுவே. அவன் நாயகனின் உடலை அடிப்பதைவிட அவனுடைய நெறியைச் சோதிப்பதில் முனைகிறான்.

புனேயிலிருந்து சென்னைக்கு

வேலூரில் பிறந்து சென்னையில் மோட்டார் உதிரிப்பொருள் வணிகம் செய்துவந்த ஆர். நடராஜ முதலியார் திரைப்படக் கலையைக் கற்கப் புனேக்குச் சென்றார். அங்கு அவருக்கு ஒளிப்பதிவின் அடிப்படைகளைக் கற்பித்தவர் ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயர். கர்சன் பற்றிய செய்திப்படம் எடுத்தவர் என்று திரைவரலாற்று நூல்கள் அவரைக் குறிப்பிடும். ஊர் திரும்பிய நடராஜ முதலியார், கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலையில் படப்பிடிப்பு நிலையம் அமைத்து எடுத்த படம் ‘கீசகவதம்’. தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் என்னும் சிறப்பு அதற்குண்டு. அதன் ஆண்டை 1916, 1917, 1918 என நூலாசிரியர்கள் வேறுபடக் கூறுவர்.

கர்சனைப் படமெடுத்தவரிடம் தொழில் பயின்று, கர்சனையே கீசகனாகக் கண்ட நகரத்திலிருந்து திரும்பிய ஒருவர், தம் முதற் படத்துக்குக் கீசகன் கதையைத் தேர்ந்தார் என்பது வியப்பூட்டும் ஒற்றுமை. இதனைக் கொண்டு நடராஜ முதலியாருக்கு அரசியல் நோக்கம் இருந்தது எனக் கொள்ளுதல் ஆய்வு நெறியன்று. பம்மல் சம்பந்த முதலியார் இக்கதையைப் பரிந்துரைத்தார் என்றும், தொடக்கப் படத்துக்கு இது ஏற்ற கதையன்று என உறவினர் சிலர் தடுத்தபோது, மக்கள் அறிந்த கதை என்பதால் இதையே எடுக்கலாம் என நண்பர் சி. ரங்கவடிவேலு ஊக்கினார் என்றும் கூறப்பெறுகிறது. காரணம் எளியது, மங்கலத்தை விழையும் வணிகக் குடும்பத்துக்குக் கொலையில் முடியும் கதை உறுத்தியிருக்கலாம்.

நாடக நடிகர் ராஜு முதலியார் கீசகனாகவும் ஜீவரத்தினம் திரௌபதியாகவும் நடித்த அப்படத்துக்கு ஏறத்தாழ 35,000 ரூபாய் செலவாயிற்று. ஏறத்தாழ 50,000 ரூபாய் வருவாய் கிடைத்தது. கதை விளக்க அட்டைகள் ஆங்கிலம், தமிழ், இந்தி ஆகிய மொழிகளில் அமைந்தன. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் பம்பாய் மாகாணத்தில் தடைக்குள்ளான கதை, சென்னையில் அமைதியாக ஓடி வருவாய் ஈட்டியது. கர்சன் பதவி விலகிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டிருந்தன என்பது ஒரு காரணம். ஊமைப்படத்தில் உரையாடல் இல்லை என்பது அதனினும் வலிய காரணம். காடில்கரின் கீசகன் பேச்சினால் ஆனவன். அவன் சொற்களில்தான் ஆட்சியாளரின் செருக்கை மக்கள் இனங்கண்டனர். பேச்சை நீக்கிவிட்டால் எஞ்சுபவன் பெண்ணை விரும்பித் துரத்தும் முரடன். அத்தகையவனை எக்காலத்துக்கும் எந்நாட்டுக்கும் பொதுவான தீயோனாகக் கொள்ள முடியும். எவரும் தம்மைத் தாக்கியதாகக் கருதார். படத்தின் படி எதுவும் எஞ்சவில்லை. 1964இல் இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் நிறுவப்பெற்றபோது, தென்னகத் திரையின் முதற்படத்தை அங்குச் சேர்க்க வாய்ப்பில்லாது போயிற்று. நடராஜ முதலியார் பின்னர் ‘திரௌபதி வஸ்திராபகரணம்’, ‘மயில் இராவணன்’ முதலிய படங்களை எடுத்தார். 1923இல் அவருடைய நிலையம் மூடப்பெற்றது. திரௌபதியை அவையில் இழிவுசெய்வோர் கதையையே அவர் அடுத்தடுத்து இருமுறை நாடியமை, குடிகோளால் பிறக்கும் வெகுளியை அவர் நன்கறிந்திருந்தார் என்பதைக் காட்டுகிறது.

1920: காட்சியின் மிகை

கோலாப்பூர் மகாராட்டிரத் திரைப்பட நிறுவனத்தின் தலைவர் பாபுராவ் பெயிண்டர், அதே கதையைச் ‘சைரந்திரி’ என்னும் பெயரில் படமாக்கி 1920இல் புனேயின் ஆரியன் திரையரங்கில் வெளியிட்டார். திலகர் படத்தைப் பாராட்டி அவருக்குச் ‘சினிமா கேசரி’ என்னும் பட்டம் வழங்கினார். காடில்கரின் நாடகம் தடைசெய்யப்பெற்ற ஆண்டில் மண்டலேச் சிறையில் இருந்தவர் திலகர். பத்தாண்டுகள் கழித்துத் தம் வாழ்வின் இறுதி ஆண்டில் அதே கீசகன் திரையில் வீழ்வதை அவர் கண்டார்.

ஓவியரும் சிற்பியுமான பாபுராவ், கீசகன் கொல்லப்படும் காட்சியை மெய்போலத் தோன்றுமாறு அமைத்தார். காண்போர் நடுங்கினர் என்றும், பின்னர்த் தணிக்கையாளர் அக்காட்சியில் கைவைத்தனர் என்றும் திரைவரலாறுகள் கூறுகின்றன. இதில் ஓர் இடர்ப்பாடு உள்ளது. வதைக் காட்சி மிகக் கொடூரமாக அமையும்போது அவையோரின் வெகுளி தணிந்து, வதையுறுபவன்பால் இரக்கமோ காட்சியின்பால் அருவருப்போ தோன்றுகிறது. தொல்காப்பியர் கூறும் இளிவரல் வெகுளியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தமிழகத்துத் திரௌபதியம்மன் விழாவில் படுகளம் இதனை நுட்பமாகத் தவிர்க்கிறது. துரியோதனன் மண்ணால் ஆன பேருருவாகக் கிடப்பான். வீமன் அடிப்பது மண் தொடையை. கொலை நிகழ்கிறது, நேர்த்தியான மெய்ம்மை அங்கில்லை, ஆயினும் பார்ப்போர் உணர்ச்சியில் சிறிதும் குறைவில்லை. எதிர்த்தலைவனின் முடிவை எந்த அளவுக்குக் காட்டுவது என்னும் வினாவில் கூத்தரின் அறிவு திரைக்கலைஞரின் அறிவுக்கு முன்னே சென்றிருந்தது எனலாம்.

பிரபாத் நிறுவனமும் இராசகுருவின் கண்ணும்

பாபுராவிடம் பயின்ற சாந்தாராம், தாம்லே, பத்தேலால், தாய்பர் ஆகியோர் 1929இல் கோலாப்பூரில் பிரபாத் நிறுவனத்தைத் தொடங்கினர். 1933இல் அவர்கள் ‘சைரந்திரி’யை மீண்டும் எடுத்து, வண்ணப்படிகளுக்காகச் செருமனிக்கு அனுப்பினர். வண்ணம் எதிர்பார்த்தவாறு அமையவில்லை, படம் தோற்றது. நிறுவனம் அவ்வாண்டே புனேக்கு இடம்பெயர்ந்தது. (தமிழில் ‘சீதா கல்யாணம்’ என்னும் பேசும்படத்தையும் இந்நிறுவனம் தயாரித்தது. அதில் இராவணனின் அவையில் கஞ்சிரா இசைத்த சிறுவன் பிற்காலத்து வீணை எஸ். பாலசந்தர்.) புனே நிலையத்தில் உருவான முதற் படமே ‘அமிர்த மந்தன்’ (1934). நாராயண் ஹரி ஆப்தேயின் புதினத்தைத் தழுவியது, இயக்கியவர் சாந்தாராம்.

கதை பழங்கால அவந்தியில் நிகழ்கிறது. மன்னன் கிராந்திவர்மன் உயிர்ப்பலியைத் தடைசெய்கிறான். சண்டிகைக் கோயிலின் இராசகுரு, மன்னனையே கொல்லத் தம் அடியார் கூட்டத்துக்கு ஆணையிடுகிறார். திருவுளச்சீட்டில் பெயர் வந்தவன் கொலையை முடிக்கிறான். பின்னர் அவனையே காட்டிக்கொடுத்து, இளவரசியின் பெயரால் ஆட்சியைத் தம் பிடியில் வைத்துக்கொள்கிறார் இராசகுரு.

படம் தொடங்கும்போதே இருளில் நடைபெறும் கூட்டத்தில் இராசகுருவின் ஒற்றைக் கண் திரைமுழுதும் விரிகிறது. இந்தி வடிவத்தில் நடித்த சந்திரமோகனின் வெளிர்நிறக் கண்ணைத் தொலைவில்லையைக் கொண்டு படமாக்கியிருந்தனர். கீசகனிடம் தோள் இருந்தது. இராசகுருவிடம் வாளும் இல்லை, படையும் இல்லை; பார்வையும் ஆணையும் மட்டுமே உண்டு. ஆகவே அவர் எழுப்புவது வெகுளியினும் அச்சமே. தொல்காப்பியர் கூறிய நான்கு களன்களுள் அணங்கும் இறையும் இவரிடத்து ஒன்றாகக் கூடுகின்றன: தெய்வத்தின் பெயரால் பேசுகிறார், அரசைத் தாமே நடத்துகிறார். அச்சம் எங்கிருந்து வரும் என்பதை அறிந்த இயக்குநர், எதிர்த்தலைவனின் உடலை மறைத்துக் கண்ணை மட்டும் காட்டியது மிகப் பொருத்தமான தெரிவு.

மராத்தி வடிவத்தில் இராசகுருவாக நடித்தவர் மேடையில் புகழ்பெற்ற கேசவராவ் தாதே. ஒரே கதையையும் ஒரே நிலையத்தையும் ஒரே இயக்குநரையும் கொண்டு, இரு நடிகர் ஒரே எதிர்த்தலைவனாக நடித்த அரிய சான்று இது. தாதே மேடைமரபில் வந்த, குரலும் உரையும் கொண்டு பாத்திரத்தை வளர்க்கும் நடிகர். சந்திரமோகனுக்கோ இதுவே திரையில் முதல் வாய்ப்பு. முகமே அவருடைய முதல். இந்தி வடிவமே நாடெங்கும் நினைவில் நின்றது. மொழியின் பரப்பு அதற்கு ஒரு காரணமே எனினும், திரைக்கென்றே உரிய எதிர்த்தலைவன் சொல்லினும் நோக்கால் வாழ்பவன் என்பதை இத்தெரிவு உணர்த்துகிறது. சந்திரமோகன் பின்னாளில் ‘புகார்’ (1939) படத்தில் சகாங்கீராகவும் ‘ரொட்டி’ (1942) படத்தில் பேராசை கொண்ட முதலாளியாகவும் நடித்தார்.

இராசகுருவின் ஆற்றலுக்கு அவருடைய கண்ணைவிட ஆழமான காரணம் ஒன்றுண்டு. அவர் தம் கொள்கையை நம்புகிறார். பலி நின்றால் தெய்வம் சினக்கும், நாடு அழியும் என்பது அவர் வாயில் வெறும் சாக்காக ஒலிக்கவில்லை. சூழ்ச்சி வெளிப்பட்டு மக்கள் திரண்டெழுந்தபோது அவர் தப்பியோட முயலவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. தம்மையே தேவிக்குப் பலியாக்கிக்கொள்கிறார். தாம் பிறரிடம் கேட்டதைத் தாமும் கொடுக்கத் துணிந்தவர் என்பது அந்தக் கடைசி நொடியில் புலப்படுகிறது. அவருடைய நெறியை அவையோர் ஏற்பதில்லை. ஆனால் அவரைப் பொய்யர் என்று தள்ளிவிடவும் இயலுவதில்லை. தலைவனின் கையால் வீழாத இந்த முடிவு, கீசகவதக் கதைகள் எவற்றிலும் இல்லாத ஒன்று.

இதனோடு ஒப்பிட, இதே நிறுவனம் 1936இல் தந்த ‘சந்த் துக்காராம்’ படத்துச் சாலோமாலோ மிக எளிய பாத்திரம். துக்காராமின் பாடல்களைத் தம்முடையன எனச் சொல்லிக்கொள்ளும் பொய்ப்புலவன். அவன் வரும்போதெல்லாம் அவையில் நகை எழுகிறது. அற்புதங்கள் நிகழ்த்தும் அடியவர் ஒருவருக்கு இவன் நிகராவானா என்று கேட்கத் தோன்றும். தண்டியின் அளவுகோலால் இவன் தோல்வியே. எனினும் படம் தோற்கவில்லை. 1937இல் வெனிசுத் திரைவிழாவில் பாராட்டும் பெற்றது. அடியவர் கதையில் வெல்லப்பட வேண்டிய பகை வெளியே இல்லை என்பதே இதற்கு விளக்கம். பகைவன் சிறியவனாக இருப்பது எல்லாக் கதைக்கும் குறையாவதில்லை. போரே மையமாக உள்ள கதைக்கு மட்டுமே அது குறை.

பிற்காலத் திரை

மேற்கண்ட அளவுகோல்கள் இன்றைய மீத்திறன் படங்களுக்கும் பொருந்துகின்றன. மிஷ்கினின் ‘முகமூடி’ (2012) படத்தில் கொள்ளைக் கூட்டத்தின் தலைவன் கைத்திறத்தில் நாயகனுக்குக் குறைந்தவன் அல்லன். ஆயினும் அவன் செய்யும் கொள்ளை காண்போரின் சொந்தத் துயரத்தைத் தொடவில்லை. குடிகோள் அங்கு இல்லை. சங்கரின் ‘2.0’ (2018) படத்துப் பட்சிராசனுக்குக் குறை நேர்மாறானது. பறவைகளின் அழிவைக் கண்டு மனமுடைந்து உயிர்துறந்த முதியவர் அவர். அவருடைய முறையீட்டை அவையோர் உள்ளம் ஏற்கிறது. கதையோ அம்முறையீட்டுக்கு விடை கூறாமல், இயந்திரங்களின் மோதலாக அதனை முடித்துவிடுகிறது. எதிர்த்தலைவன் எழுப்பிய வினாவுக்குத் தலைவன் தோளால் விடையளிக்க முயன்றால் வெற்றி வெறுமையாகிவிடும். ‘எந்திரன்’ (2010) இக்குறையினின்று தப்பியமைக்குக் காரணம், அங்கே தலைவனும் எதிர்த்தலைவனும் ஒரே உருவினர். படைத்தவனின் பிழையே பகையாக நிற்கிறது.

மலையாளத்தில் பாசில் ஜோசப் இயக்கிய ‘மின்னல் முரளி’ (2021) தண்டியின் கருத்தை ஒரு புதிய தளத்துக்குக் கொண்டுசெல்கிறது. ஒரே சிற்றூரில், ஒரே இரவில், ஒரே மின்னல் இருவரைத் தாக்குகிறது. இருவருக்கும் ஒத்த ஆற்றல் வருகிறது. ஒருவன் தையற்காரன், மற்றவன் தேநீர்க்கடையில் வேலை செய்யும் சிபு. பகைவனின் குலத்தையும் கல்வியையும் விரித்துரைக்க இங்கு இடமில்லை, ஏனெனில் சிபுவுக்கு இரண்டும் இல்லை. அவனிடத்து உள்ளது நெடுங்காலக் காதலும் ஊராரின் ஏளனமும் மட்டுமே. காதலி இறந்துபடும்வரை அவன் ஊரைப் பகைவனாகக் கருதவில்லை. ஊர்தான் அவனைப் பித்தனாகக் கருதியது. ஆகவே அவன் ஊரை எரிக்க முனையும்போது காண்போரின் வெகுளி அவன்மீது முழுமையாகச் செல்வதில்லை. ஒரு பகுதி ஊரின்மீதும் திரும்புகிறது. விராடன் அவையில் கீசகனைக் கண்டு எழுந்த வெகுளி, வாளாவிருந்த அரசன்மீதும் திரும்பியதைப் போன்றது இது. சிபுவாக நடித்தவர் சென்னைக் கூத்துப்பட்டறையில் பயின்ற தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம். சந்திரமோகனைப் போன்ற அரிய நிறக் கண்களோ ராஜு முதலியாருக்கு வேண்டப்பெற்ற தோள்வலிமையோ அவருடைய வேடத்துக்குத் தேவைப்படவில்லை. காதலியின் பெயரை உச்சரிக்கும்போது உடைந்து தாழும் குரலும் சிறுத்துப்போகும் உடலும் அவ்வேலையைச் செய்தன.